கோடை மழைக்கு அப்புறம் குதிரை குண்டாகாம பாத்துக்கறது எப்படி

வெயில் காலத்துல குதிரை இளைக்கும், மழை பெஞ்சு புல்லு வந்தா தானா தேறிக்கும், அப்படித்தான் நானும் ரொம்ப நாளா நம்பிட்டிருந்தேன். பாதி சரிதான், மீதிப் பாதிதான் ஆளைக் கவுத்துடுச்சு. அதனால இதைப் படிக்கறவங்க யாராவது ஒரு மட்டக்குதிரையோ பெரிய குதிரையோ வெச்சிருந்தா எனக்கு ஆனது உங்களுக்கு ஆகாம இருக்கட்டும்னு எழுதறேன்.

நமக்கு பாலக்கோடு பக்கம். ரெண்டு உருப்படி இருக்கு. ஒண்ணு செல்லி, மட்டக்குதிரை, ஆறு வயசுப் பொட்டை. இன்னொண்ணு வெள்ளையன், மார்வாரிங்கற ராஜஸ்தான் குதிரை ஜாதியோட கலப்பு, வயசு பதினஞ்சைத் தாண்டிடுச்சு. ரெண்டும் கல்யாண மாப்பிள்ளை ஊர்வலம், சாரட் வண்டி, கோயில் ஊர்வலம்னு வேலை பாக்குதுங்க. கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் எருது விடற விழான்னாதான் ஜனம் அள்ளும், குதிரைன்னா கல்யாணத்தோட சரி, அதனால குதிரைத் தீனி பத்தி கேட்டுத் தெரிஞ்சுக்க பக்கத்துல ஆளே கிடையாது. மாட்டுக்குச் சொல்றதைத்தான் குதிரைக்கும் சொல்வாங்க. ஒரு காலத்துல ஓசூர் மத்திகிரி பண்ணையை வெள்ளைக்காரன் 1824ல ஆரம்பிச்சதே பட்டாளத்துக்குக் குதிரை வளக்கத்தான், இன்னிக்கு அது கால்நடைப் பண்ணை. ஊர்ல குதிரை விஷயம் தெரிஞ்ச கை எல்லாம் போயிடுச்சுன்னு எங்க பெரியப்பா அடிக்கடி புலம்புவார், அவர் ஜட்கா ஓட்டின ஆளு.

சரி, நடந்ததைச் சொல்றேன். சித்திரை வைகாசி ரெண்டு மாசமும் முகூர்த்தம் நெருக்கம், செல்லிக்கு வாரத்துல நாலு நாள் வேலை. கத்திரி வெயில்ல அவ வேர்த்து நுரை தள்ளறதைப் பாத்து பாவப்பட்டு கொள்ளு அளவைக் கூட்டினேன், தவிடும் சேத்தேன். நடுவுல கோடை மழை நல்லா பிடிச்சுது. வரப்பு, ஏரிக்கரை, மாந்தோப்பு எல்லாம் பச்சைன்னா பச்சை. ஆனி கடைசி முகூர்த்தத்தோட வேலை நின்னுடுச்சு, ஆடி மாசம் யாரு கல்யாணம் வெப்பாங்க. வேலை நின்னுச்சே தவிர கொள்ளு நிக்கல, கயித்தையும் அவுத்து விட்டாச்சு, அவ பாட்டுக்கு விடிஞ்சதுல இருந்து இருட்டற வரைக்கும் மேஞ்சிட்டிருந்தா. உடம்பு பளபளன்னு ஆச்சு. வர்றவன் போறவன் எல்லாம் “அண்ணா, குதிரை சூப்பரா தேறிடுச்சுங்ணா”ன்னு சொல்ல எனக்கும் தலை கால் புரியல. ஆடி மூணாவது வாரம் ஒரு காலைல லாயத்தை விட்டு வெளிய வர மாட்டேங்கறா. முன்னங்காலை நீட்டி வெச்சுக்கிட்டு பின்னாடி சாஞ்சு நிக்கறா, குளம்பைத் தொட்டா அடுப்பு மாதிரி சூடு. டாக்டர் வந்து பாத்துட்டு லேமினைட்டிஸ்னு சொன்னார். “என்ன சார் திடீர்னு”ன்னு கேட்டேன். “திடீர்னு இல்லீங்க, ரெண்டு மாசமா நீங்க ஊட்டி ஊட்டி வரவெச்சது”ன்னார். சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா உண்மை.

அதாவது நம்ம பக்கம் எடை ஏர்றது வெயில் காலத்துல இல்லீங்க. கோடை மழையில புல்லு கிளம்பற நேரமும் ஆடியில வேலை நிக்கற நேரமும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து உக்காருது பாருங்க, அந்த ஆறு ஏழு வாரம்தான் ஆபத்து. மட்டக்குதிரைக்கு இது டபுள். அதுங்க உடம்பே கொஞ்சம் தின்னு நிறைய சேத்து வெக்கற மாதிரி அமைஞ்சது, கரட்டுல காஞ்ச புல்லைக் கடிச்சே பொழைச்ச ஜாதி. அதுக்கு மழைக்காலப் புல்லும் கொள்ளும் சேத்து போட்டா உடம்புல இன்சுலின் எகிறுது, எகிறி அப்படியே நின்னா குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சிருக்கற சதைப் பிடிப்பு விட்டுப் போகுது. அதான் லேமினைட்டிஸ். முத்திப் போச்சுன்னா குளம்புக்குள்ள எலும்பே கீழ இறங்கிடும், அப்புறம் அந்தக் குதிரையை நம்பி வண்டி பூட்ட முடியாது.

இப்ப என்ன பண்றதுன்னு வருவோம். முதல் வேலை டேப். தினம் பாக்கற கண்ணுக்கு எடை ஏர்றது தெரியவே தெரியாது, என்னை நம்புங்க. தையல்காரர் வெச்சிருக்கற டேப் போதும், ரெண்டைச் சேத்து ஒட்டிக்குங்க. முன்னங்காலுக்குப் பின்னாடி, பிடரி முடி முடியற மேட்டுக்கு நேரா நெஞ்சைச் சுத்தி ஒரு அளவு, மூச்சு விட்டதும் எடுக்கணும். அடுத்தது தோள் முனையில இருந்து பின்பக்கம் புட்டத்து எலும்பு முனை வரைக்கும் நீளம். ரெண்டும் சென்டிமீட்டர்ல. நெஞ்சளவை நெஞ்சளவாலயே பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 11880ஆல வகுத்தா எடை கிலோவுல வரும். செல்லிக்கு அன்னிக்கு நெஞ்சு 145, நீளம் 135. போனை எடுத்துப் பெருக்கினா 239 கிலோ. அவளுக்கு இருக்க வேண்டியது 215 பக்கம். இருபது கிலோவுக்கு மேல கூடுதலா சுமந்துட்டு நின்னிருக்கா, நான் பளபளப்பைப் பாத்துட்டிருந்திருக்கேன். இந்தக் கணக்கு பத்து இருபது கிலோ முன்னப்பின்ன இருக்கலாம், அது பிரச்சனை இல்ல, ஒரே ஆளு ஒரே டேப்ல பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை எடுத்து காலண்டர்ல குறிச்சு வெச்சா ஏறுதா இறங்குதான்னு பளிச்சுனு தெரியும். சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் இந்தக் கணக்கு ஒத்து வராது.

டேப்போட கையும் வெச்சுப் பாக்கணும். அமெரிக்காவுல டெக்சாஸ்ல ஹென்னெக்னு ஒருத்தர் 1983ல ஒரு மார்க் முறை கொண்டு வந்தார், 1ல இருந்து 9 வரைக்கும், 1ன்னா எலும்பும் தோலும், 9ன்னா மூட்டை. உலகத்துல நிறைய இடத்துல அதைத்தான் பாக்கறாங்க. நமக்கு 5 வேணும். விலாவுல உள்ளங்கையை வெச்சு தடவுங்க, விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது ஆனா தடவினா கைக்கு சுலபமா தட்டுப்படணும். நல்லா அழுத்தினாதான் தட்டுப்படுதுன்னா 7 ஆயிடுச்சுன்னு வெச்சுக்குங்க. முதுகுத்தண்டு நடுவுல வாய்க்கா மாதிரி பள்ளம், வால் அடியில பஞ்சு மாதிரி கொழுப்பு, தோளுக்குப் பின்னாடி திட்டு, இதெல்லாம் சேருதான்னு பாருங்க. எல்லாத்துக்கும் மேல பிடரி. பிடரி முடிக்கு அடியில கழுத்து மேல்விளிம்பு தடிச்சு, கையால பிடிச்சு ஆட்டினா ஆடாம கெட்டியா நின்னா, ஒரு பக்கமா சாயற மாதிரி வந்தா, அந்தக் குதிரைக்கு லேமினைட்டிஸ் பக்கத்துல வந்து நிக்குதுன்னு அர்த்தம். நம்மாளுங்க அதைத்தான் “கழுத்து என்ன கம்பீரம் பாரு”ன்னு சொல்வாங்க, நானும் சொல்லியிருக்கேன். தொப்பையைப் பாத்து மட்டும் முடிவு பண்ணாதீங்க, வெறும் வைக்கோல் தின்னும் வயிறு பெருக்கும், பூச்சி இருந்தும் பெருக்கும்.

குண்டாயிடுச்சுன்னு தெரிஞ்சதும் நம்ம ஆளுங்க பண்ற முதல் தப்பு, ரெண்டு நாள் பட்டினி. அதைப் பண்ணவே பண்ணாதீங்க. மட்டக்குதிரையும் கழுதையும் பட்டினி கிடந்தா உடம்புல இருக்கற கொழுப்பு மொத்தமா ரத்தத்துல இறங்கி கல்லீரலைக் கெடுத்துடும், உசுருக்கே ஆபத்து, சினையா இருந்தா இன்னும் மோசம். அதோட குதிரை வயித்துல அமிலம் நாள் முழுக்க ஊறிட்டே இருக்கும், மாடு மாதிரி தின்னுட்டு படுத்து அசை போடற பிராணி இல்ல இது, நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல வாய் சும்மா இருந்தா குடல் புண்ணு, வயித்து வலின்னு வரிசையா வரும். அதனால நிறைய நேரம் திங்கணும், ஆனா சத்து கம்மியா திங்கணும். இந்த ஒரு வரிதான் மொத்த சூத்திரம்.

அளவு எவ்வளவுன்னா, எடையைக் குறைக்கணும்னா உடம்பு எடையில நூத்துக்கு ஒண்ணரை பங்கு, தண்ணி இல்லாத காஞ்ச தீனிக் கணக்குல. 240 கிலோ குதிரைக்கு 3.6 கிலோ. காஞ்ச ராகித் தட்டு, காஞ்ச புல்லுன்னா அதுலயும் கொஞ்சம் ஈரம் இருக்கும்ல, அதனால 4 கிலோ. பச்சையா நேப்பியர் புல்லுன்னா அஞ்சுல நாலு பங்கு தண்ணிதான், அதனால கிட்டத்தட்ட 18 கிலோ. ரெண்டும் கலந்தா பாதிப் பாதி. ஒண்ணரைக்குக் கீழ போறதா இருந்தா டாக்டர் சொல்லாம போகாதீங்க. ஒரு கட்டு ரெண்டு கட்டுன்னு கணக்கு வெச்சா வேலைக்காவாது, கட்டுக்குக் கட்டு எடை மாறுது, ஒரு தொங்கு தராசு வாங்கி லாயத்துல மாட்டிடுங்க. அந்த 4 கிலோவை ஒரே தடவை கொட்டினா சீக்கிரமே முடிச்சுட்டு கதவை உதைக்கும், அதனால சின்னக் கண்ணு வலையில போட்டுக் கட்டுங்க, ஒவ்வொரு தாளா இழுத்து இழுத்து திங்கும், நேரம் ஓடும். கண்ணு 3 சென்டிமீட்டர் இருந்தா போதும். லாடம் அடிச்ச குதிரைன்னா கால் மாட்டாத உயரத்துல கட்டணும்.

கொள்ளு? வேலை இல்லாத குண்டுக் குதிரைக்கு வேண்டாம், அவ்வளவுதான். பெரியப்பாகிட்ட சொன்னப்ப “ஏன்டா, கொள்ளு இல்லாம குதிரையாடா”ன்னு ரெண்டு நாள் பேசல. அவர் காலத்து ஜட்காக் குதிரை ஒரு நாளைக்கு எத்தனை மைல் ஓடுச்சு, நம்ம குதிரை ஒரு மாப்பிள்ளையை ஏத்திக்கிட்டு ஒண்ணரை மணி நேரத்துல கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் பேண்டு செட்டுக்குப் பின்னாடி நடக்குது. மருந்து கலந்து குடுக்கணும்னா ஒரு கைப்பிடி ஊறவெச்சு வேகவெச்ச கொள்ளு, போதும்.

அடுத்தது மேய்ச்சல். முழுசா நிறுத்த வேண்டியது இல்ல, நேரத்தையும் இடத்தையும் பிடிக்கணும். வெயில் பட பட புல்லு சர்க்கரை செஞ்சு சேத்துக்கிட்டே போகும், சாயங்காலம் அது உச்சத்துல இருக்கும், ராத்திரி அதைச் செலவு பண்ணி வளரும். அதனால விடியக்காலைல இருந்து எட்டு, ஒம்பது மணிக்குள்ள மேய்ச்சு முடிச்சுடுங்க. வெயிலும் இருக்காது, ஈயும் கம்மி. சாயங்காலம் நாலு மணிக்கு அவுத்து விட்டா அதான் சர்க்கரை அதிகமான நேரம், நான் பண்ணது அதான். ரெண்டு மணி நேரம்தானேன்னு அலட்சியமாவும் இருக்காதீங்க, மட்டக்குதிரை பயங்கர கெட்டிக்காரி, நேரம் கம்மின்னு பழகிட்டா வேகத்தைக் கூட்டிடும், மூணு மணி நேரத்துல நாள் தீனியில பாதிக்குக் கிட்ட உள்ள தள்ளிடும்.

முளை அடிச்சு கயித்துல கட்டறதுதான் நம்ம ஊரு பழைய முறை, அதுவே நல்ல முறை, ஆனா கயித்து நீளத்துல ஒரு கணக்கு இருக்கு. 15 அடி கயிறுன்னா சுத்தி 700 சதுர அடி சொச்சம் மேயும். 20 அடின்னா 1250. அஞ்சு அடி கயிறு கூடினதுக்கு இடம் முக்கால் பங்குக்கு மேல கூடிடுது. அதனால குறைக்கணும்னா முதல்ல கயித்தைக் குறைங்க. அதுக்காக ஒரே இடத்துல நாலு நாள் கட்டி தரை தெரிய மொட்டையா மேய விட்டா வேற வில்லங்கம், புல்லு வேரோட மண்ணும் உள்ள போகும், நம்ம செம்மண்ணு மணல் குடல்ல தங்கி வயித்து வலி வரும். சந்தேகம் இருந்தா ரெண்டு லத்தி உருண்டையை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு தண்ணி ஊத்தி கலக்கித் தொங்க விடுங்க, கால் மணி நேரத்துல அடியில மணல் படியுதான்னு தெரியும். ஒரு ஜாண் உயரம் இருக்கற, கொஞ்சம் முத்தின புல்லுல கட்டுங்க, தினமும் முளையை மாத்துங்க. மழை பெஞ்சு பத்து நாள்ல வர்ற குருத்துப் புல்லுல கட்டாதீங்க, அதை மாட்டுக்கு விட்டுடுங்க. கயிறு கால்ல சுத்தி சூடு போட்ட மாதிரி புண்ணாகும், தடியான பருத்திக் கயிறா பாத்து வாங்குங்க, குட்டியையும் மிரளற குதிரையையும் கட்டிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க.

வாய்க்கூடைன்னு ஒண்ணு இருக்குதே, ஏர் ஓட்டறப்ப, கதிர் அடிக்கறப்ப மாட்டு வாயில கட்டுவாங்க, ஞாபகம் இருக்கா? வெளிநாட்டுல குண்டுக் குதிரைக்கு அதேதான் கட்டறாங்க, அடியில ஒரு சின்ன ஓட்டை மட்டும் விட்டு, புல்லு நுனி கொஞ்சம் கொஞ்சமா வரும், தண்ணியும் குடிக்கலாம். நான் பின்னல் வாய்க்கூடையில அடியில ரெண்டு விரல் நுழையற அளவு வெட்டி, ஓரத்தைத் துணி வெச்சுத் தெச்சு, தலைக்கயித்தோட சேத்து கட்டினேன். மொத நாள் செல்லி என்னை முறைச்ச முறைப்பு இருக்கே. மூணாம் நாள் பழகிட்டா. மூக்குல உராயுதான்னு தினம் பாக்கணும், தண்ணி குடிக்கத் தெரியுதான்னு நின்னு பாத்துட்டுதான் வரணும், நாள் முழுக்க போட்டே வெக்கக்கூடாது.

இதுல ஒண்ணு சொல்லணும். யூடியூப்ல வர்ற இங்கிலாந்துக்காரங்க வீடியோவை அப்படியே இங்க இறக்காதீங்க. அங்க ரை கிராஸ் மாதிரி குளிர்ப் பிரதேசப் புல்லு, அதுல ஃப்ரக்டான்னு ஒரு சர்க்கரை அளவே இல்லாம சேரும். நம்ம அருகு, கொழுக்கட்டைப் புல், நேப்பியர் எல்லாம் வெப்பப் பிரதேசப் புல்லு, ஃப்ரக்டான் தொல்லை இதுல கிடையாது. ஆனா அங்க இல்லாத வேற தொல்லை இதுல இருக்கு. நேப்பியர்லயும் கொழுக்கட்டைப் புல்லுலயும் ஆக்சலேட்னு ஒரு உப்பு, அது புல்லுல இருக்கற கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், குதிரைக்குச் சேர விடாது. மாட்டுக்கு வயித்துலயே அதை உடைக்கற நுண்ணுயிர் உண்டு, அதனால மாடு சமாளிக்கும். குதிரைக்கு மாசக்கணக்குல வெறும் கோ-4 புல்லு (அதுவும் நேப்பியர் ரகம்தான்), அதுக்கு மேல தவிடுன்னு போட்டா, தவிட்டுல பாஸ்பரஸ் வேற ஏகத்துக்கு, உடம்பு எலும்புல இருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். மூஞ்சி எலும்பு ரெண்டு பக்கமும் வீங்கி தலை பெருசா தெரியும், கால் மாத்தி மாத்தி நொண்டும். சுளுக்குன்னு நினைச்சு எண்ணெய் தடவிட்டிருப்போம். அதனால நேப்பியர் மட்டும்னு போகாம அருகு, ராகித் தட்டு கலந்து போடுங்க, கூட கொஞ்சம் குதிரை மசால். பேர்லயே குதிரையை வெச்சுக்கிட்டிருக்கு அது, கால்சியம் நிறைய. சத்தும் நிறைய, அதனால குண்டுக் குதிரைக்கு ஒரு சின்னக் கைக்கட்டு, அதுக்கு மேல வேண்டாம். தவிட்டை நான் சுத்தமா நிறுத்திட்டேன்.

பச்சைச் சோளத்தட்டு பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல, மழை இல்லாம வாடின இளஞ்சோளத்தைத் தின்னு மாடு சாஞ்ச கதை ஊருக்கு ஊர் இருக்கும். குதிரைக்கு இன்னொரு கெடுதலும் உண்டு, பச்சைச் சோளத்துல நாள் கணக்கா மேஞ்சா மூத்திரப் பையும் பின்னங்கால் நரம்பும் பாதிச்சு தள்ளாட ஆரம்பிக்கும். நல்லா காஞ்ச தட்டு கொஞ்சம் பரவால்ல. மரவள்ளித் தழையும் தோலும் சோளம் மாதிரியேதான், சயனைடு. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மரவள்ளிக் காட்டு ஓரமா மேய்க்கறவங்க கவனம். சேகோ ஃபேக்டரி திப்பியை மாட்டுக்குப் போடறாங்கன்னு குதிரைக்கும் போடாதீங்க, அது மாவு, நேரா குளம்புல போய் நிக்கும். சவுண்டல் தழையை நிறைய தின்னா பிடரி முடி, வால் முடி கொட்டும், கல்யாணத்துக்கு ஓட்டற குதிரைக்கு அது போனா பொழப்பே போச்சு. அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி இருக்கற வேலியோரம் பக்கமே கட்டாதீங்க. அரளி சில இலை போதும், உசுரு போயிடும்.

எல்லாத்தையும் விட முக்கியம் ஒண்ணு. மாட்டுத் தீவன மூட்டை, கோழித் தீவன மூட்டை குதிரை வாய்க்கு எட்டற இடத்துல இருக்கவே கூடாது. அதுல சிலதுல மொனென்சின்னு ஒரு மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் நல்லது, குதிரைக்கு இருதயத்தையே அடிச்சுடும், மாத்து மருந்து கிடையாது. நம்ம பக்கம் மாடு, கோழி, குதிரை எல்லாம் ஒரே கொட்டாய்ல இருக்கற வீடு நிறைய, அதான் சொல்றேன்.

அப்புறம் மாங்கா. கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்துக்கிட்டு இதைச் சொல்லாம இருக்க முடியாது. சீசன்ல தோப்புல உதிர்ந்து கிடக்கற பெங்களூராவைக் குதிரை தேடித் தேடித் திங்கும். பழம் சர்க்கரை, அழுகினது வயித்துல புளிச்சு கேஸ் ஆகும், கொட்டை தொண்டையில சிக்கும். சிக்கினா மூக்கு வழியா எச்சிலும் தீனியும் ஒழுகும், அப்ப தண்ணி ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும், டாக்டரைக் கூப்பிடுங்க. கூழ் ஃபேக்டரியில இருந்து வர்ற தோல், கொட்டைக் கழிவு டிராக்டர்ல சல்லிசா கிடைக்குதுன்னு பக்கத்து வீட்டு அண்ணன் மாட்டுக்கு இறக்கினார், நம்மளுது ராத்திரி அவுத்துக்கிட்டு போய் ஒரு ரவுண்டு முடிச்சுட்டு வந்துச்சு, விடியற வரைக்கும் நானும் வீட்டுக்காரியும் டார்ச் அடிச்சுக்கிட்டு நடத்திட்டே இருந்தோம். சீமைக்கருவேலங்காயும் இதே ரகம்தான், இனிப்பு, வெயில்ல கொட்டிக் கிடக்கும், ஒண்ணு ரெண்டு பரவால்ல, வயிறு முட்ட தின்னா அடைக்கும்.

வெள்ளையன் கதை நேர் எதிர். வெயில் வந்தா இவன் விலா எலும்பு எண்ணலாம். வயசான குதிரை இளைச்சா தீனியைக் கூட்டறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து பாருங்க, கடைவாய்ப் பல்லு ஓரம் கத்தி மாதிரி கூரா வளந்து கன்னத்தைக் கிழிச்சிட்டிருக்கும், மென்னு முழுங்காம உருண்டை உருண்டையா கீழ துப்பும். அதை ராவி விட்டாலே பாதி எடை திரும்பும். லத்தியை லேப்ல குடுத்து பூச்சி முட்டை பாக்கச் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டு மருந்து ஊத்தறதை விட இது நல்லது. அதுக்கப்புறமும் தேறலன்னா எண்ணெய். கடலை எண்ணெய் 50 மில்லியில ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம், மாவுச்சத்து இல்லாம தெம்பு குடுக்கும், வேலை செய்யறப்ப உடம்பு சூடும் கம்மி. கடலைப் புண்ணாக்கு போடறவங்க மழை ஈரத்துல பூத்ததைப் போட்டுடாதீங்க, அதுல வர்ற பூஞ்சை விஷம் கல்லீரலைத் தின்னுடும். செல்லியையும் வெள்ளையனையும் ஒண்ணா கட்டித் தீனி போட்டதும் என் தப்புதான், குண்டு தின்னுச்சு, ஒல்லி பாத்துட்டு நின்னுச்சு. தனித்தனியா கட்டுங்க.

வெயில்ல தண்ணியும் உப்பும். சின்னக் குதிரையே ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல குடிக்கும், பெருசு 40, 50 கூட போகும், சித்திரையில வேலை செஞ்ச அன்னிக்கு அதுக்கும் மேல. தொட்டி நிழல்ல இருக்கணும், சுடுதண்ணியைக் குதிரை குடிக்காது. உப்பு 100 கிலோ எடைக்கு 10 கிராம் தினம், நல்லா வேர்த்தா கூட. சூடா இருக்கற குதிரை மேல பச்சைத்தண்ணி ஊத்தினா சன்னி வரும்னு சொல்றதை நம்பாதீங்க, ஊத்துங்க, நிறுத்தாம ஊத்துங்க, அதான் சீக்கிரம் சூட்டை இறக்கும். ஒரு விஷயம், நல்ல வெயில்ல வேலை செஞ்சும் வேர்க்கலன்னா, மூச்சு மட்டும் வாங்குதுன்னா, அன்னிக்கே வேலையை நிறுத்தி டாக்டர்கிட்ட காட்டுங்க, சில குதிரைக்கு வேர்வைச் சுரப்பியே மக்கர் பண்ணும். ஓசூர், தளி பக்கம் இருக்கறவங்களுக்கு இந்தக் கவலை கம்மி, அவங்க கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல குளுகுளுன்னு இருக்காங்க, ஆனா அங்க புல்லு சீக்கிரம் வந்து நாள் கடந்து நிக்கும், அதனால குண்டாகற கவலை அவங்களுக்குத்தான் அதிகம்.

ஆடி மாசம் பூரா தினம் காலைல ஒரு தடவை குளம்பைத் தொட்டுப் பாக்கறதைப் பழக்கமாக்கிக்குங்க. சூடா இருக்கா, குளம்புக்கு மேல கணுக்கால் ரெண்டு ஓரமும் விரலை வெச்சா நாடி டக்கு டக்குன்னு பலமா அடிக்குதா, திரும்பறப்ப காலைப் பாத்துப் பாத்து வெக்குதா, கல்லுத் தரையில நடக்க யோசிக்குதா. இதுல ஒண்ணு இருந்தாலும் புல்லை நிறுத்தி காஞ்ச தட்டு மட்டும் போடுங்க, “நடந்தா சரியாயிடும்”னு இழுத்து நடத்தாதீங்க, நடத்த நடத்த உள்ள கிழியும். அரை அடி ஆழத்துக்கு ஆத்து மணல் கொட்டி நிக்க வெச்சு, முதல் ரெண்டு நாள் ஐஸ் தண்ணியில குளம்பு முழுக வெக்கணும், உடனே டாக்டர். 1962க்குப் போன் பண்ணா கால்நடை ஆம்புலன்ஸ் வரும், எக்ஸ்ரே வேணும்னு சொன்னா நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கோ பெங்களூர் ஹெப்பாலுக்கோ போகணும், ஆனா நொண்டற குதிரையை வண்டியில ஏத்தலாமான்னு அவர்கிட்டயே கேட்டுக்குங்க.

எடை இறங்கறதுல அவசரம் கூடாது. வாரத்துக்கு நூத்துல அரையில இருந்து ஒரு பங்கு, அதாவது செல்லி மாதிரி குதிரைக்கு ஒண்ணுல இருந்து ரெண்டே கால் கிலோ. அவளுக்கு நெஞ்சளவு 145ல இருந்து 138க்கு வர முழுசா மூணு மாசம் ஆச்சு, கணக்குப் போட்டா 216 கிலோ. அந்த ஆவணி முகூர்த்தம் பூரா வெள்ளையனை மட்டும் வெச்சு ஓட்டினேன், சாரட் புக்கிங் நாலைத் திருப்பிக் குடுத்தேன். அடுத்த வருஷத்துல இருந்து ஆனி கடைசி முகூர்த்தம் முடிஞ்ச மறுநாளே கொள்ளைக் குறைக்க ஆரம்பிச்சு பத்துப் பதினஞ்சு நாள்ல நிறுத்திடறேன், தீனி மாத்தறது எதுவா இருந்தாலும் அந்த அளவு நாள் எடுத்துக்கணும், குடல்ல இருக்கற நுண்ணுயிர் பழகணும்ல. ஆடியில வேலை இல்லன்னாலும் குளம்பு நல்லா இருக்கற குதிரையை தினம் காலைல முக்கால் மணி நேரம் வேகநடை கூட்டிப் போறேன், வண்டி இல்லாம. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மூணு வாரம் முன்னாடி காலி வண்டி பூட்டி பழக்கி, வேலை நாள்ல மட்டும் அரைக் கிலோ கொள்ளு. பெரியப்பா இப்ப பேசறார். ஆனா வாய்க்கூடையைப் பாத்தா மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் செல்லிக்கு வெல்லத்துண்டு நீட்டறார்னு பசங்க சொல்லுதுங்க.